கல் குறைந்த பக்கம்

பாணமைத் தேத்தண்ணிக் கடை மேசையில்
வரைபடத்தை விரித்து
நாலு மூலைக்கும் கிளாஸ் வைத்திருக்கிறோம்.
மேற்கே கல்மேடு.
கோடுகள் நெருக்கி நெருக்கி
பெருவிரல் ரேகையாய்ச் சுழல்கின்றன.
கிழக்கே கடல், களப்பு,
இரண்டுக்கும் நடுவே
பென்சில் கோட்டளவு மணல்.

"மேற்கால போனா எத்தின மணித்தியாலம்?"
றிஸ்மியா கேட்கிறாள்.
தவனேசன் பதிலுக்கு என் இடது காலைப் பார்க்கிறான்.
பிறகு பார்க்காத மாதிரி
சீனிப் போத்தலைப் பார்க்கிறான்.

அந்தக் கணுக்காலுக்குள்
ஒரு தகடு, ஆறு திருகாணி.
கல்லாற்றுப் பாலம் தாண்டி
மாடு குறுக்கே வந்த இரவின் மிச்சம்.
கேட்கிற எல்லோரும் முதலில்
வேறொன்றை நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்துவார்கள்.
மாடு என்றதும்
கொஞ்சம் ஏமாந்து போவார்கள்.

கல்மேட்டில் சுனை உண்டு,
ஆனி மாதத்திலும் ஒரு சாண் தண்ணீர் நிற்குமாம்.
மணல் வழியில் ஒரு சொட்டுக் கிடையாது.
கல்லை விட்டால் தண்ணீரைச் சுமக்கவேணும்,
ஆளுக்கு ஆறு லீற்றர்.
என் கால் மிச்சம்பிடிக்கும் வலி
மூன்று முதுகில் பங்காகும்.

"எனக்காக எண்டா வேணாம்."
"உனக்காகண்டு ஆரு சொன்ன?
உசரத்தில நிண்டா எனக்கு வயித்தக் கலக்கும் கா.
மேல்மாடி வகுப்பில
சுவரோட ஒட்டிக்கிட்டுத்தான் பாடம் நடத்திற."

பதினொரு வருடம் ஒரே ஆசிரியர் அறை,
இது எனக்குத் தெரியாது.
பொய்யாகவும் இருக்கலாம்.
கடைசி மிடறுக்கு அவள் கிளாஸைத் தூக்க,
வரைபடத்தின் அந்த மூலை சுருண்டு
பாறைகளை மூடிக்கொண்டது.

மணல் இலேசு என்று நினைத்திருந்தோம்.
ஒரு அடி கொடுத்தால்
அரை அடியை வட்டிக்குப் பிடித்துக்கொள்கிறது.
ஈர விளிம்பு இறுக்கம்தான்,
ஆனால் சரிவு.
தெற்கே போகிறவனுக்குக் கடல் இடப்பக்கம்,
ஆகவே தகடு போட்ட காலே
நாள் முழுக்கப் பள்ளத்தில்.
எந்த வரைபடத்திலும் இது இல்லை.

களப்பு வாயருகே தவனேசன் கையை உயர்த்தினான்.
யானை இலத்தி, உள்ளே இன்னும் ஈரம்.
பாலைமரக் கூட்டம் அசையவில்லை.
நாங்களும்.
மறுகா நடந்தோம்,
தண்ணீர் குலுங்கும் சத்தத்துக்கும் பயந்து.

பின்னேரம் கச்சான் பிடித்தது.
அடித்த முளையெல்லாம்
வெண்ணெயில் குத்திய ஈர்க்காய்ப் பிடுங்கிக்கொண்டு வர,
கூடாரத்தின் மேல் குப்புற விழுந்து கிடந்தபடி
தவனேசன் கத்தினான்:
"கல்லு! ஒரு கல்லு கிடக்கா பாருங்க!"

டோர்ச் அடித்துத் தேடினோம்.
மூலைக்கு நாலு, அடுப்புக்கு மூன்று.
ஏழே ஏழு கல்.
சிப்பி கிடந்தது,
ஒற்றைச் செருப்பு கிடந்தது,
வலை மிதப்பு, ஆமை முட்டைத் தோல்.
றிஸ்மியாதான் முதலில் சிரித்தாள்.
பிறகு எங்களால் நிற்க முடியவில்லை.

தண்ணீர்ப் போத்தல்களை மூலைகளில் கட்டினோம்.
மணலைக் குழித்து அடுப்பு.
சோற்றில் என் பல்லில் கடிபட்டது
அன்று முழுக்க நான் கண்ட ஒரே கல்.

நடுச்சாமம் தாகம்.
என் போத்தல் வெளியே
வடக்கு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
குடித்தால் கூடாரம் இலேசாகும்.
உமிழ்நீரை விழுங்கிக்கொண்டு கிடந்தேன்.

"குடியன் கா," இருட்டுக்குள்ளிருந்து குரல்.
"குடிச்சிட்டு மண்ண நிரப்பு."

வெளியே குந்தி
அடிமட்டும் குடித்தேன்.
மேற்கே கல்மேடு
நட்சத்திரம் இல்லாத ஒரு துண்டு வானமாக இருந்தது.
போத்தலின் வாய் சின்னது.
ஒரு கை அள்ளி விட்டால்
பாதி காற்றோடு போகிறது.
மறுகாலும் அள்ளினேன்.